நோய் எதிர்ப்பு ஆற்றல்: கூட்டுவதா, குறைப்பதா?

‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்ற தொடரில் ‘சக்தி’ என்னும் சொல்தான் பெரும் குழப்பத்திற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சக்தி என்றவுடன் அளவு நினைவுக்கு வருகிறது. குறைந்திருந்தால் கூட்ட வேண்டும், கூடியிருந்தால் நல்லது, மிகக் கூடியிருந்தால் மிக நல்லது. கோவிட் ஆண்டுகளுக்குப் பின் சாலைக் கடைத்தெருவில் சூரணப் பொட்டலம் முதல் பிஸ்கட் வரை எதை எடுத்தாலும் இந்தச் சொல் அச்சாகியிருக்கிறது. நோய்த்தடைகாப்பியலில் ஆய்வு செய்பவர் என்று தெரிந்தால் போதும், ‘எதைச் சாப்பிட்டால் கூடும்?’ என்பதே அடுத்த கேள்வி.

வகுப்பறையில் நிலைமை சற்று மேல். அங்கே இரண்டு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கிறது. இடப்பக்கம் இயல்பு நோய்த்தடைகாப்பு: பிறவியிலேயே அமைந்தது, விரைவானது, எதிரிக்கு எதிரி வேறுபாடு பாராதது, நினைவற்றது. வலப்பக்கம் பெறப்பட்ட நோய்த்தடைகாப்பு: பழகிப் பெறுவது, மெதுவானது, குறிப்பிட்ட எதிரியை அறிவது, நினைவுள்ளது. தேர்வுக்கு இந்த அட்டவணை போதும். ஒரு நோயாளியின் அருகில் உட்கார்ந்து விளக்க முற்படும்போது போதுவதில்லை. இவ்வாண்டு அந்த நோயாளி என் அம்மா.

அம்மாவுக்கு வயது 69. நாஞ்சில் நாட்டிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் கரமனைக்குக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. 11 ஆண்டுகளாக அவருக்கு முடக்குவாதம். விரல் கணுக்கள் வீங்கி, காலையில் பால் பாத்திரத்தைப் பிடிக்க இயலாத நிலை. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை ஓரளவுக்கே கேட்டது. எனவே டி.என்.எஃப். என்னும் மூலக்கூறைத் தடுக்கும் ஊசியைத் தொடங்கலாம் என்றார் மருத்துவர். அதற்கு முன் வழக்கமாகச் செய்யப்படும் ஓர் இரத்தப் பரிசோதனையில், அம்மாவின் உடலில் காசநோய்க் கிருமி என்றோ புகுந்ததற்கான அடையாளம் தெரிந்தது. மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆயினும் ஆறு மாதம் ஐசோநியாசிட் மாத்திரை சாப்பிட வேண்டும், அதில் ஒரு மாதம் கழிந்த பின்னரே ஊசி என்று முடிவாயிற்று.

அன்றிரவு அம்மா கேட்டார்: “மக்களே, எதிர்ப்பு சக்தி கூடினதுனாலதான் கை வீங்குதுன்னு டாக்டர் சொன்னாரு. அதைக் குறைக்கதுக்கு ஊசி. குறைச்சா காசம் வந்திரும்னு மாத்திரை. பக்கத்து வீட்டுல சக்தி கூடணும்னு கஷாயம் குடிக்கச் சொல்லுகாங்க. எனக்கு இப்போ இது கூடுதலா, குறைவா?”

ஆறு ஆண்டுகளாக நான் படித்துவரும் துறைக்கு இதைவிடக் கூர்மையான வினா ஒன்று வந்ததாக நினைவில்லை. என் விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். மாணவ நண்பர்களுக்குப் பயன்படலாம்.

காசநோய்க் கிருமி மூச்சுக்காற்றோடு நுரையீரலின் நுண்ணறைகளைச் சென்றடைகிறது. அங்கே முதலில் அதைச் சந்திப்பவை மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள். 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் மெச்னிகோவ் விண்மீன் லார்வா ஒன்றின் உடலில் முள்ளைச் செருகிவிட்டு, அதைச் சூழ்ந்து திரண்ட செல்களைக் கண்டார் அல்லவா, அவற்றின் உறவினங்களே இவை. அந்நியப் பொருள் எதுவாயினும் விழுங்கும். விழுங்கியதை அமிலமும் நொதிகளும் நிறைந்த பையோடு சேர்த்துச் செரிக்கும். பெரும்பாலான கிருமிகளின் கதை இங்கேயே முடிந்துவிடும். காசநோய்க் கிருமியோ அந்தப் பையோடு சேர்வதைத் தடுத்துவிட்டு, தன்னை விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்தத் தெரிந்தது. விழுங்கப்படுவதையே அது தன் நுழைவாயிலாக்கிக் கொள்கிறது. இயல்பு நோய்த்தடைகாப்பு தன் வேலையைச் சரியாகச் செய்ததன் விளைவாகவே கிருமிக்கு ஒரு வீடு கிடைக்கிறது என்பது இந்நோயின் முதல் முரண்.

அடுத்து, கிளைச்செல்கள் எனப்படும் டெண்ட்ரிடிக் செல்கள் கிருமியின் துணுக்குகளைச் சுமந்து நிணநீர் முடிச்சுகளுக்குச் செல்கின்றன. அங்கே எண்ணற்ற டி செல்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் அடையாளம் காணும் ஏற்பியைத் தாங்கியது. பொருந்துகின்ற சிலவற்றைக் கண்டுபிடித்து, அவை பெருகி, நுரையீரலுக்கு வந்து சேர வாரங்கள் ஆகும். மனிதரில் டியூபர்குலின் தோல் சோதனை நேர்மறையாக மாற 2 முதல் 8 வாரம் பிடிப்பதற்கு இதுவே காரணம். வந்து சேர்ந்த டி செல்கள் நேரடியாகக் கிருமியைக் கொல்ல முனைவதைவிட முக்கியமான வேறொன்றைச் செய்கின்றன. இன்டர்ஃபெரான் காமா என்னும் செய்தியை மேக்ரோஃபேஜுக்குச் சொல்கின்றன. அதுவரை செரிக்கத் திணறிய மேக்ரோஃபேஜ் அச்செய்தி கிடைத்தபின் வலுப்பெறுகிறது.

இங்கே நம் அட்டவணையின் நடுக்கோடு அழியத் தொடங்குவதைக் கவனியுங்கள். கிளைச்செல் இன்றி டி செல்லுக்குக் கிருமி வந்த செய்தியே எட்டாது. டி செல் இன்றி மேக்ரோஃபேஜ் விழுங்கியதைச் செரிக்காது. எய்ட்ஸ் நோயில் டி செல்கள் குறையும்போது முதலில் தலைதூக்கும் நோய்களுள் காசம் ஒன்றாக இருப்பது இதனால்தான். விழுங்கு செல்களே பாதுகாப்பின் அடிப்படை என்ற மெச்னிகோவும், இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்களே அடிப்படை என்ற எர்லிக்கும் 1908இல் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அப்பகிர்வைச் சமரசம் என்று கருதுவோர் உண்டு. எனக்கு அது அறிவியல் தீர்ப்பாகவே படுகிறது.

இரு பிரிவும் சேர்ந்து கட்டும் அமைப்பு கிரானுலோமா. கிருமி தங்கிய மேக்ரோஃபேஜ்களைச் சுற்றி வேறு மேக்ரோஃபேஜ்கள், அவற்றைச் சுற்றி டி செல்கள் என்று அடுக்கடுக்காக அமையும் ஒரு செல் முடிச்சு. கிருமி உள்ளே உயிரோடு அடைபட்டிருக்கலாம், வெளியேற வழியில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் காசநோய்க் கிருமி தொற்றியிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் வாழ்நாளில் நோயாளியாக மாறுவோர் 100க்கு 5 முதல் 10 பேர். எஞ்சியோர் வென்றவரும் அல்லர், தோற்றவரும் அல்லர். அவர்களது உடல் காவல் காத்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் காவலைக் கலையாமல் வைத்திருக்கும் முக்கியச் செய்தி மூலக்கூறுகளுள் ஒன்று டி.என்.எஃப். அம்மாவின் விரல் கணுக்களில் வீக்கத்தை மூட்டிவிடுவதும் அதே டி.என்.எஃப்.தான். லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1990களில் லண்டனில் இதைத் தடுத்து முடக்குவாதத்தைத் தணிக்க முடியும் என்று காட்டினர். மருத்துவ உலகுக்கு அது பெரிய விடுதலை. 2001இல் வந்த ஓர் ஆய்வறிக்கை, இவ்வகை மருந்துகளுள் ஒன்றான இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த 70 பேருக்குக் காசநோய் வெளிப்பட்டதைத் தொகுத்துக் காட்டியது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் நுரையீரலுக்கு அப்பாலும் பரவியிருந்தது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று பொருள். அதன் பின்னரே, ஊசிக்கு முன் காசப் பரிசோதனை என்பது நடைமுறையாயிற்று.

ஆக, அம்மாவின் கேள்விக்கு முதல் விடை இது. அவருக்கு எதிர்ப்பு ஆற்றல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஒரே செய்தி உடலின் ஓரிடத்தில் தவறான முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னோரிடத்தில் சரியான முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் இரண்டும் நிற்கும்.

இதை விளக்கியபோது அம்மா வேறொன்றைக் கேட்டார்: “இது அப்பாகிட்ட இருந்து வந்ததா?”

அம்மாவின் தந்தை சாலையில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். 1962இல், அம்மாவுக்கு ஆறு வயதானபோது, சயரோகத்தால் இறந்தார். நாஞ்சில் நாட்டுச் சானட்டோரியம் ஒன்றில் சில மாதம் இருந்துவிட்டு வீடு திரும்பிய பின்னும் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், பின்கட்டில் தனி அறை. குழந்தைகள் அறைக்குள் போகக்கூடாது. அம்மா தம் தந்தையோடு பேசியது பெரும்பாலும் சன்னல் கம்பிக்கு இப்பால் நின்றுதான். வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொன்னதில்லை.

அம்மாவுக்கு நான் சொன்ன விடை: தெரியாது, தெரியவும் வழியில்லை. அந்த இரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. டி செல்களின் நினைவைத் தேடுகிறது. காசநோய்க் கிருமியின் இரு புரதங்களை இரத்தத்தோடு சேர்த்தால், முன்பே அவற்றைச் சந்தித்த டி செல்கள் இன்டர்ஃபெரான் காமாவை வெளியிடும், அதை அளக்கிறார்கள். சந்திப்பு நேர்ந்தது 1962இல் பின்கட்டுச் சன்னலருகிலா, 2012இல் கிழக்கேகோட்டைப் பேருந்திலா என்று அந்தச் செல்களால் சொல்ல இயலாது. கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் இயலாது. பல பத்தாண்டுகள் உறங்கிய கிருமி விழித்த நிகழ்வுகள் மருத்துவத்தில் பதிவாகியுள்ளன. தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளிலேயே பெரும்பாலும் நோய் வெளிப்படும் என்பதும் உண்மை.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடிந்தது. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வீட்டிலும் மற்றதற்குச் சானட்டோரியத்திலும் மருந்து கொடுத்தது. 1959இல் முடிவுகள் வெளியாயின. நெருக்கடியான வீட்டில், எளிய உணவோடு மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த உறவினருக்குக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே தொற்ற வேண்டியது தொற்றிவிடுகிறது. முறையான மருந்து தொடங்கியபின் பிரித்து வைப்பதால் பெரிய பயன் இல்லை. அந்த மருந்துகள் கிடைக்கும் இடங்களில் தனித் தட்டும் சன்னல் கம்பியும் தேவையற்றவை என்பது, தாத்தா இறப்பதற்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. கரமனை வீட்டின் பின்கட்டு வரை அது வந்து சேரவில்லை. அம்மா இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

அம்மாவின் கையில் இரண்டு தழும்புகள் உண்டு. ஒன்று அம்மைக் குத்து. திருவிதாங்கூரில் அம்மைப்பால் வைக்கும் வழக்கம் ராணி கௌரி லட்சுமி பாய் காலத்தில், 1813இல், தொடங்கியது; 1879இல் அரசு ஊழியர், கைதிகள், மாணவர்களுக்குக் கட்டாயமாயிற்று. அந்தத் தழும்பின் கதை வெற்றிக் கதை. 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இரண்டாவது தழும்பு பி.சி.ஜி. இதன் கதை அவ்வளவு நேரானது அன்று.

மாட்டுக் காசநோய்க் கிருமியைக் கால்மெட், கெரான் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1908 முதல் 1921 வரை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் இழக்கச் செய்தனர். அதுவே இத்தடுப்பூசி. விடுதலைக்குப் பின் சென்னை கிண்டியில் இதற்கெனத் தனி ஆய்வகம் அமைத்து நாடு முழுவதும் போடத் தொடங்கினர். 1955இல் இராஜாஜி இதைக் கடுமையாக எதிர்த்து ஒரு சிறு நூலே வெளியிட்டார். அவரது காரணங்கள் பலவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. எனினும், இந்நாட்டில் இது பயன் தருகிறதா என்று இந்நாட்டிலேயே சோதிக்க வேண்டும் என்ற தேவை உண்மையானது.

அந்தச் சோதனை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்து ஊர்களில் நடந்தது. 1968 முதல் 1971 வரை 2,81,161 பேருக்குக் குலுக்கல் முறையில் பி.சி.ஜி. அல்லது வெற்று ஊசி போடப்பட்டது. பிரிட்டனில் பள்ளி மாணவரிடையே நடந்த சோதனையில் இதே தடுப்பூசி சுமார் 80 விழுக்காடு பாதுகாப்பு அளித்திருந்தது. திருவள்ளூரில் முதல் முடிவுகள் வந்தபோது உலகமே திகைத்தது: பெரியவர்களின் நுரையீரல் காசத்திற்கு எதிராகப் பாதுகாப்பே இல்லை. 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவுகள் 1999இல் வெளியாயின. பெரியவருக்குப் பயனில்லை, சிறுவருக்கு 27 விழுக்காடு என்ற குறைந்த பாதுகாப்பு.

ஒரே ஊசி, ஒரே மனித உடல். விளைவு ஏன் இப்படி? வலுவான விளக்கங்களுள் ஒன்று நம் மண்ணிலும் நீரிலும் இருக்கிறது. காசநோய்க் கிருமியின் தீங்கற்ற உறவினங்கள் வெப்ப நாடுகளின் குளங்களிலும் வயல்களிலும் ஏராளம். திருவள்ளூர் மக்களில் பெரும்பாலோர் இளமையிலேயே அவற்றைச் சந்தித்திருந்தனர். அவர்களது டி செல்களுக்கு அந்தக் குடும்பம் முன்பே அறிமுகம். ஊசி புதிதாகக் கற்பிக்க அதிகம் மிஞ்சவில்லை. ஊசியிலுள்ள கிருமி பெருகுமுன் உடல் அதை அகற்றியும் இருக்கலாம். மலாவி, பிரிட்டன் இளைஞர்களை ஒப்பிட்டு 2002இல் வெளியான ஆய்வும் இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது. இந்த விளக்கம் முழுக்கதை என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் அது சொல்லும் பாடம் பெரியது: ஓர் உடலின் தடைகாப்பு, அந்த உடல் எந்த ஊரின் நீரில் குளித்து வளர்ந்தது என்பதையும் உள்ளடக்கியது.

பச்சிளங் குழந்தைகளுக்கு வரும் காச மூளைக்காய்ச்சலையும், உடலெங்கும் பரவும் காசத்தையும் பி.சி.ஜி. நன்றாகத் தடுக்கிறது. ஆகவே பிறந்தவுடன் போடுவதைத் தொடர்கிறோம், தொடரவே வேண்டும்.

இதே பி.சி.ஜி. இன்னொரு வியப்பையும் வைத்திருந்தது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மிகாய் நெட்டியா குழுவினர், நலமான தன்னார்வலர்களுக்கு இந்த ஊசியைப் போட்டு அவர்களது மோனோசைட்டுகளைச் சோதித்தனர். 2012இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதம் கழித்தும் அச்செல்கள் காசத்தோடு தொடர்பே இல்லாத கிருமிகளுக்கும் கூடுதல் துடிப்போடு எதிர்வினை காட்டின. மரபணு வரிசை மாறவில்லை. மரபணுக்களைத் திறந்து மூடும் வேதி அடையாளங்கள் மாறியிருந்தன. ‘நினைவற்றது’ என்று இடப்பத்தியில் எழுதிய சொல்லின் மேல் இது ஒரு கேள்விக்குறியை இட்டது. ‘பயிற்றுவிக்கப்பட்ட தடைகாப்பு’ என்று இதற்குப் பெயர். இதைக் கேட்டதும் ‘அப்படியானால் பி.சி.ஜி. சக்தியைக் கூட்டும்’ என்று தாவிவிட வேண்டாம். கோவிடுக்கு எதிராக மருத்துவப் பணியாளர்களிடையே நடத்திய பெரிய பன்னாட்டுச் சோதனை 2023இல் முடிவு சொன்னது: ஊசி கோவிட் ஆபத்தைக் குறைக்கவில்லை. சோதனைக்குழாயில் கூடியது தெருவில் கூடுவதில்லை.

இவ்வளவையும் சில இரவுகளாக, துண்டு துண்டாக, அம்மாவிடம் சொன்னேன். மாத்திரை கல்லீரலைத் தாக்கக்கூடும், மாதந்தோறும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. கடைசியில் அவர் தம் சொற்களில் தொகுத்தார்: “காவக்காரனுக்கு லீவு குடுக்கதுக்கு முந்தி உள்ள கிடக்க கள்ளனைத் தீத்துக்கட்டணும். அம்புட்டுதானே?” என் ஆய்வேட்டின் முன்னுரையில் இரண்டு பக்கங்களுக்கு நான் எழுதியிருப்பது அவ்வளவுதான். மறுநாளே மாத்திரையைத் தொடங்கினார். கஷாயத்தையும் நிறுத்தினார், ‘கூட்டும்’ பொருள்களுள் சில கல்லீரலுக்குச் சுமை என்பதால் நான் கேட்டுக்கொண்டது. பக்கத்து வீட்டாரிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னார். எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயர் வெளிவாசலில் உரக்கச் சொல்லப்பட்டது அதுவே முதல் முறை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு பத்தி அட்டவணையைக் கரும்பலகையில் எழுதுங்கள். அது தொடக்கத்திற்கு நல்லது. எழுதியபின், இரு பத்திகளுக்கும் இடையே போய்வரும் அம்புக்குறிகளையும் வரையுங்கள். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்குச் செல்லும் கிருமித் துணுக்கு; வலப்பக்கத்திலிருந்து திரும்பும் இன்டர்ஃபெரான்; இரண்டையும் கட்டிவைக்கும் டி.என்.எஃப். நோயும் மருந்தும் நிகழ்வது அந்த அம்புக்குறிகளில்தான். நேரம் இருந்தால் திருவள்ளூரின் பெயரையும் சொல்லுங்கள். 2,81,161 பேர் கையை நீட்டியதால், உலகம் ஒரு தடுப்பூசியின் எல்லையை அறிந்தது. நம் பாடநூல்களில் மெசினா நகரத்து முள்ளுக்கு இடமிருக்கிறது. அவர்களுக்கும் ஒரு வரி இருக்கலாம்.

வீட்டில் யாருக்கேனும் இவ்வகை ஊசியோ நீண்டகால ஸ்டீராய்டோ தொடங்குவதாக இருந்தால், காசப் பரிசோதனை செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நேர்மறை என்று வந்தால் அஞ்ச வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். உடல் இத்தனை காலம் காத்துவந்த செய்தி அது.